134 கிலோ ஆளும் 40 அங்குலப் படகும்: ஒரு கயாக் சோதனை

எடை 134 கிலோ, அதாவது 295 பவுண்டு. உயரம் 6 அடி 1 அங்குலம். நெஞ்சுச் சுற்றளவு 52 அங்குலம். இடது முழங்கால் கொஞ்சம் தகராறு. இந்த ஆய்வுக்கு உட்பட்ட ஆள் வேறு யாருமில்லை, நான்தான். டெக்சாஸில், ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லண்டில் குடியிருக்கிறேன். ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் கடல் வந்துவிடும். மீன்பிடி உரிமம், அதற்குமேல் உப்புநீருக்கான கூடுதல் அனுமதி இரண்டையும் வருஷம் தவறாமல் வாங்குகிறேன். தவறாமல் மீன் பிடிக்கிறேன் என்று சொல்ல முடியாது.

கரையில் நின்று தூண்டில் போட்டு அலுத்துப்போய், போன வருஷம் ஒரு கயாக், அதாவது துடுப்பால் ஓட்டும் சின்னப் படகு, வாடகைக்கு எடுத்தேன். நீளம் 10 அடி, அகலம் 30 அங்குலம். பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 350 பவுண்டு தாங்கும் என்றது. நானும் சாமானும் சேர்ந்து 320. கணக்குச் சரிதான் என்று கிளம்பினேன். ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே இருக்கைக்குள் தண்ணீர் தேங்கியது. துடுப்பிலிருந்து சொட்டியது என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி கழித்துப் பின்னால் இருந்த இரைப்பெட்டியை எடுக்க இடுப்பைத் திருப்பினேன். அடுத்த நொடி நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடி, கைபேசி, ஒரு நல்ல தூண்டில் மூன்றும் போயின. படகைத் தள்ளிக்கொண்டே நடந்து கரை சேர்ந்தேன். வாடகைக்காரர், "உங்கள் எடைக்கு இது போதும்தான், சமநிலை பழக வேண்டும்" என்றார்.

பழகினால் வருமா, இல்லை படகே தப்பா? அதைப் பார்க்கத்தான் இந்தச் சோதனை. நண்பர் ஒருவர் கனத்த ஆட்களுக்கென்றே செய்த ஒரு மீன்பிடிக் கயாக்கை இரண்டு வார இறுதிகளுக்குக் கடன் கொடுத்தார். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. அந்த அளவுகளில் இப்போது பலரும் செய்கிறார்கள்.

முதலில் பழைய படகின் பிரேதப் பரிசோதனை

இருக்கையில் தேங்கிய தண்ணீரிலேயே விடை இருந்தது. மேலே உட்காரும் வகைக் கயாக்கின் தளத்தில் ஓட்டைகள் இருக்கும். ஏறிய தண்ணீர் அவற்றின் வழியே தானாக வடிந்துவிடும். தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு. ஆள் கனமாகி, தளம் நீர்மட்டத்துக்குக் கீழே போனால் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வரும். அந்த 10 அடிப் படகு, நான் போட்ட தோராயக் கணக்கில், 90 பவுண்டுக்கு ஒரு அங்குலம் வீதம் அமிழும். 200 பவுண்டு ஆள் உட்கார்ந்திருந்தால் இருக்கை உலர்ந்திருக்கும். நான் அவரைவிட 95 பவுண்டு கூடுதல். ஒரு அங்குலத்துக்கும் கொஞ்சம் அதிகம். காற்சட்டை நனைய அது போதும்.

ஓட்டைகளை அடைக்க ரப்பர் மூடி விற்கிறார்கள். அடைத்தால் கீழிருந்து வராது, ஆனால் மேலிருந்து விழுந்ததும் போகாது. தேங்கிய தண்ணீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். மூடி போட்டு ஓட்ட வேண்டிய நிலைமை என்றால் படகு நமக்குச் சின்னது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த ஸ்டிக்கர். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று தகடு ஒட்ட வேண்டும் என்பது கடலோரக் காவல்படையின் விதி. அந்த விதியில் கயாக்குக்கும் கனூவுக்கும் விலக்கு உண்டு. அதனால் கயாக்கில் ஒட்டியிருக்கும் எண் தயாரிப்பவர் தாமே சொல்வது. ஒருவர் மூழ்காத எல்லையைச் சொல்வார், இன்னொருவர் நிம்மதியாக ஓட்டும் எல்லையைச் சொல்வார். கயாக்காரர்கள் நடைமுறையில் அந்த எண்ணில் 70 சதவீதத்தைத்தான் நம்புகிறார்கள். 350இல் 70 சதவீதம் 245. நான் ஏறும்போதே 320. வாடகைக்காரர் சொன்ன "பழக்கம்" இந்த 75 பவுண்டை எப்படிச் சரிக்கட்டும் என்று தெரியவில்லை.

எடை தாங்குவது ஒரு விஷயம், சாயாமல் நிற்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் தப்பு. படகு ஒரு பக்கம் சாயும்போது, தண்ணீர் அதைத் தூக்கும் இடமும் அந்தப் பக்கம் நகர்கிறது. அது நம் உடல் எடை இறங்கும் இடத்தைத் தாண்டி வெளியே நகர்ந்தால் படகு திரும்ப நிமிரும், தாண்டாவிட்டால் கவிழும். எவ்வளவு தூரம் நகரும் என்பதை அகலம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது, அதுவும் அகலத்தின் மூன்றாம் அடுக்காக. 30 அங்குலத்தை 36 ஆக்கினால் சாயாமல் நிற்கும் இந்தத் திறன் 1.7 மடங்கு, 40 ஆக்கினால் ஏறக்குறைய 2.4 மடங்கு. ஆளின் கனம் இதைக் குறைக்கிறது, இருக்கையின் உயரம் இன்னும் குறைக்கிறது. ஆறடி ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் எடையின் மையம் இருக்கைக்கு மேல் பத்து அங்குலம் போல. எழுந்து நின்றால் பாதத்திலிருந்து 40 அங்குலம்.

கடன் வாங்கிய படகு

நீளம் 12 அடி, அகலம் 40 அங்குலம், வெறும் படகின் எடை 85 பவுண்டு, ஸ்டிக்கர் 600. அதில் 70 சதவீதம் 420. நானும் சாமானும் 335. முதல் தடவையாகக் கணக்கில் இடம் மிச்சம். ஒப்பிட்டுச் சொல்வதானால், இந்த வகையில் பரவலாகத் தெரிந்த ஹோபி ப்ரோ ஆங்லர் 14 படகின் அகலம் 38 அங்குலம், தாங்கும் எடையாகச் சொல்லப்படுவது 600 பவுண்டு. அது மிதி வைத்து ஓட்டுவது. நான் ஓட்டியது துடுப்புப் படகு.

அடிப்பகுதி ஏறக்குறையத் தட்டை. இருக்கை அலுமினியச் சட்டத்தில் வலை கட்டியது, பார்க்கத் தோட்டத்து நாற்காலி மாதிரி. தாழ்வாகவும் வைக்கலாம், உயர்த்தியும் வைக்கலாம். உயர்த்தினால் தளத்திலிருந்து 13 அங்குலம். இதில் உட்கார்ந்து பார்த்ததும் முழங்கால் வலிக்காரனுக்கு ஒரு சந்தோஷம். தரையில் சம்மணம் போட்ட ஆள் எழுவதற்கும் பெஞ்சிலிருந்து எழுவதற்கும் உள்ள வித்தியாசம்.

முதல் வாரம்: ஏரி

என்னோடு வந்தவர் குளச்சல்காரர், ஹூஸ்டனில் எண்ணெய்க் குழாய் வேலையில் இருப்பவர். அவர் தாத்தா மரத்தில் தொழிலுக்குப் போனவர். அவர்கள் கட்டுமரத்தை வெறுமனே 'மரம்' என்றுதான் சொல்வார்கள். படகைச் சுற்றி வந்து ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது நம்ம மரம்தானே? மேல ஏறுன தண்ணி கீழ போவுது. இதுக்கா இவ்வளவு டாலரு?" என்றார். தப்பில்லை. கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் வடிந்துவிடுவதால் கட்டுமரம் நிரம்பி மூழ்குவதில்லை. இங்கே கட்டைக்குப் பதில் உள்ளே காற்றடைத்த பிளாஸ்டிக் கூடு, அவ்வளவுதான். ஆனால் மரத்தில் நின்று வலை வீசுகிறவருக்கு 134 கிலோவும் இல்லை, பதினெட்டு வயதுவரை கடல் பார்க்காத கோயம்புத்தூர் வளர்ப்பும் இல்லை.

ஏரி அவர் குடியிருப்புக்குள் இருப்பது. அதில் நீந்தக் கூடாது என்று குடியிருப்போர் சங்க விதி. விழக் கூடாது என்று எழுதவில்லை.

உட்கார்ந்தேன். இருக்கை உலர்ந்தே இருந்தது. பத்து நிமிடம் ஓட்டி, நின்று, திரும்பிப் பார்த்தேன், தளத்தில் ஒரு கைப்பிடித் தண்ணீர்கூட இல்லை. இடுப்பைத் திருப்பிப் பின்னால் இருந்த பெட்டியை எடுத்தேன். போன வருஷம் என்னைக் கவிழ்த்த அதே அசைவு. படகு விரலளவு சாய்ந்து நிமிர்ந்தது. இருக்கையை உயர்த்திப் போட்டு மறுபடி செய்தேன். கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தது, ஆனாலும் பயமில்லை.

எழுந்து நின்றேன். முன்னால் கட்டியிருந்த வார்ப்பட்டையைப் பிடித்து, பாதங்களை முடிந்த அளவு அகலமாக வைத்து, முழங்கால் மடிந்தபடியே. முதல் சில நொடிகள் கால் வெடவெடவென்று நடுங்கியது. நடுங்கியது படகில்லை, நான்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகு நடுக்கம் நின்றது. தட்டை அடி கொண்ட படகு கொஞ்சம் சாய்ந்ததும் விறைப்பாகத் தடுக்கும், அந்தத் தடுப்பைக் கால் எதிர்த்துத் தள்ளினால்தான் ஆட்டம். விட்டுக்கொடுத்து நின்றால் அது பாட்டுக்கு நிற்கிறது. இருபது நிமிடம் நின்று தூண்டில் வீசினேன்.

இதோடு முடித்திருந்தால் "அருமையான படகு, கனத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று நாலு பத்தி எழுதியிருப்பேன். குளச்சல்காரர் விடவில்லை. "வுழுந்து பாருங்க அண்ணே. வுழாம எப்பிடி தெரியும்?"

விழுவதற்கே பாடுபட வேண்டியிருந்தது. ஒரு பக்க விளிம்பில் முழுசாக உட்கார்ந்து, வெளியே சாய்ந்து, ஒருவழியாகக் கவிழ்த்தேன். ஆழம் ஏழடி, கால் எட்டவில்லை. இங்கேதான் பிரச்சினை தொடங்கியது. நிமிர்ந்திருக்கும்போது நிலையாக இருந்த படகு, கவிழ்ந்த பிறகும் அதே அளவு நிலையாக இருந்தது. ஓர் ஆமை ஓடு மாதிரி மிதந்தது. 40 அங்குல அகலத்துக்குக் குறுக்கே கையை நீட்டி அடுத்த விளிம்பைப் பிடிக்க முடியவில்லை. இந்தப் பக்க விளிம்பைத் தூக்கலாம் என்றால், நிற்கத் தரை இல்லாத இடத்தில் தூக்கினால் படகு மேலே வராது, நாம்தான் கீழே போவோம். ஏழெட்டு நிமிடம் போராடி மூச்சு வாங்கியது.

கரைக்கு இழுத்து வந்து, நடுக் கைப்பிடியில் எட்டடிக் கயிறு ஒன்றைக் கட்டினோம். மறுபடி கவிழ்த்து, கயிற்றைக் கவிழ்ந்த படகின் முதுகுக்கு மேலே எறிந்து, எதிர்ப்பக்கம் போய், முழங்காலைப் படகின் விளிம்பில் ஊன்றி, கயிற்றைப் பிடித்தபடி பின்னால் சாய்ந்தேன். இரண்டாவது இழுப்பில் படகு புரண்டு நிமிர்ந்தது. முழு சோதனையிலும் என் எடை எனக்கு உதவிய ஒரே இடம் இதுதான்.

அடுத்தது ஏறுவது. வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பது இப்படி: பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து உடம்பை நீரோடு கிடையாகக் கொண்டுவந்து, வயிற்றைப் படகின் மேல் இழுத்துப் போட்டு, அப்புறம் புரண்டு பின்புறத்தை இருக்கையில் வைத்து, கடைசியில் கால்கள். மெலிந்த படகில் நாம் தொங்கும்போது விளிம்பு தாழ்ந்து கொடுக்கும். இந்தப் படகின் விளிம்பு தாழ மறுத்தது. தண்ணீருக்கு மேல் ஏறக்குறைய ஒன்பது அங்குலம், சுவர் மாதிரி. போதாக்குறைக்கு லைஃப் ஜாக்கெட்டின் முன்பைகளில் இடுக்கியும் இரைச் சிமிழும் திணித்திருந்தேன். அவை விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டின. மூன்று முறை நெஞ்சு வரை ஏறி மூன்று முறையும் சறுக்கினேன். விலாவில் இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

கயிற்றில் ஒரு கண்ணி போட்டு, அதில் காலை வைத்து ஏறலாம் என்றார் குளச்சல்காரர். காலை வைத்து அழுத்தியதும் கால் படகுக்கு அடியில் ஓடிப்போய், உடம்பு மல்லாந்தது. அதுவும் தோல்வி.

வழி பின்பக்கத்தில் இருந்தது. சாமான் பெட்டி வைக்கும் பள்ளம் படகின் பின்னால், தண்ணீரிலிருந்து நாலைந்து அங்குலம்தான் உயரம். பெட்டியைக் கழற்றி முன்னால் மாற்றினோம். பின்முனையைப் பிடித்து, காலைப் பலமாக உதைத்து, வயிறு பள்ளத்தில் விழுந்ததும் குதிரையில் ஏறுகிற மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு, உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்தேன். பக்கவாட்டில் கவிழாத படகு நீளவாக்கில் என்னைத் தாங்கிக்கொண்டது. கவிழ்ந்ததிலிருந்து இருக்கையில் உட்காரும்வரை முதல் தடவை பதினோரு நிமிடம் ஆனது. கயிறும் பின்வழியும் கைவந்த பிறகு இரண்டரை நிமிடம்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கனத்த ஆளுக்குக் கனத்த ஜாக்கெட் வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலான பெரியவர்களுக்குத் தலை தண்ணீருக்கு மேலே நிற்க 7 முதல் 12 பவுண்டு வரை கூடுதல் மிதப்பு போதும் என்கிறது கடலோரக் காவல்படை. கயாக்காரர்கள் போடும் மூன்றாம் வகை ஜாக்கெட்டில் குறைந்தபட்சமே 15.5 பவுண்டு உண்டு. கொழுப்பு தண்ணீரில் மிதக்கும் என்பதால் எங்கள் ஜாதிக்கு அது தாராளம். பொருந்துவதுதான் சிக்கல். எடையைப் பார்த்து வாங்கக் கூடாது, நெஞ்சுச் சுற்றளவை நாடா வைத்து அளந்து வாங்க வேண்டும். முதுகின் கீழ்ப்பாதியில் நுரைக்குப் பதில் வலை இருந்தால் உயரமான இருக்கையில் இடிக்காது.

இரண்டாம் வாரம்: கிறிஸ்துமஸ் பே

ஃப்ரீபோர்ட் தாண்டி, சர்ஃப்சைடிலிருந்து சான் லூயிஸ் பாஸ் என்ற கடல்வாய் நோக்கிப் போகும் கடலோரச் சாலையின் இடப்பக்கம் இந்தக் காயல். ஆழம் குறைவு, பல இடங்களில் இடுப்பளவுதான். அடியில் கடற்புல், ஆங்காங்கே சிப்பிப் படுகை. இந்த மாதிரி இடத்தில் ரெட்ஃபிஷ் தலையைக் கீழே குத்தி இரை தேடும்போது வால் நீருக்கு மேலே தெரியும். உட்கார்ந்தபடி பார்த்தால் வெறும் பளபளப்பு, நின்று பார்த்தால் வால். மீன்பிடிக் கயாக்கில் நிற்பதற்கு இவ்வளவு மெனக்கெடுவது இதற்காகத்தான், வீரத்துக்காக இல்லை.

காலை ஏழு மணிக்குக் காற்று லேசு. தென்கிழக்குக் காற்று முதுகில் தள்ள, ஒரு மைலை 25 நிமிடத்தில் கடந்தேன். என் பழைய 240 சென்டிமீட்டர் துடுப்பு இந்த அகலத்துக்குக் கட்டை. ஒவ்வொரு வீச்சுக்கும் விரல் முட்டி விளிம்பில் இடித்தது. 40 அங்குலப் படகில், அதுவும் உயர்ந்த இருக்கையில், 260க்குக் குறையாமல் வேண்டும். இதை ஏரியிலேயே கவனித்திருக்க வேண்டும், விழுகிற மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

ஒன்பது மணி வாக்கில் ஒரு வால் தெரிந்தது. நின்றபடியே இரையை அதற்கு மூன்றடி முன்னால் போட்டேன். கவ்வியது. ரெட்ஃபிஷ் ஓடும்போது படகையும் சேர்த்து இழுக்கும். மீன் முன்னால் இழுத்தவரை பிரச்சினையில்லை, படகு நாய் இழுக்கும் வண்டி மாதிரி பின்னாலேயே போனது. அடியில் புகுந்து மறுபக்கம் போனபோதுதான் உட்கார்ந்தேன். குனிந்து அள்ளப் போகிற அந்தக் கணம்தான் கனத்த ஆள் கவிழும் கணம். தலை விளிம்பைத் தாண்டாதவரை உடம்பு படகுக்குள் இருக்கும். நீளக் கைப்பிடி வலை இருந்ததால் தாண்டாமலே அள்ள முடிந்தது. 23 அங்குலம். டெக்சாஸில் 20 முதல் 28 அங்குலம் வரை உள்ளதை வைத்துக்கொள்ளலாம், ஒரு நாளைக்கு மூன்று. ஒன்று போதும் என்று விட்டேன் என்று எழுத ஆசைதான், இரண்டாவது கிடைக்கவில்லை.

பத்தரைக்குக் காற்று ஏறியது. நாங்கள் இறங்கிய கரை தென்கிழக்கில், காற்றும் அங்கிருந்துதான். போகும்போது முதுகில் தட்டிக்கொடுத்தது இப்போது முகத்தில் அறைந்தது. அகலமான, உயரமான படகு காற்றைப் பாய் மாதிரி வாங்கிக்கொள்கிறது. இருக்கையைத் தாழ்த்திப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை. மூன்று வீச்சு ஒரே பக்கம், நாலாவது மறுபக்கம் என்று போட்டால்தான் முனை நேராக நின்றது. வந்த ஒரு மைலுக்கு 55 நிமிடம். குளச்சல்காரர் தன்னுடைய 32 அங்குலப் படகில் முன்னால் போய்க் காத்திருந்து, நான் ஓய்வெடுக்கக் கிழக்கே ஒதுங்கியபோது கத்தினார், "அங்க வேணாம் அண்ணே, நீவாடு இழுக்குது!" அந்தப் பக்கம் கோல்ட் பாஸ், அதற்கப்பால் சான் லூயிஸ் பாஸ். நீவாடு என்றால் நீரோட்டம், பல உயிர்களை வாங்கியது அது. அங்கே படகின் நிலைத்தன்மையால் ஒன்றும் ஆகப்போவதில்லை, வேகம்தான் வேண்டும். இந்தப் படகில் இல்லாதது அதுதான்.

கரையில்

85 பவுண்டைத் தூக்கி காரின் மேல் போடுவது இரண்டு ஆள் வேலை. பிக்கப் வண்டி இருந்தால் பின்னால் செருகிவிடலாம், நாலடிக்கு மேல் நீட்டினால் சிவப்புக் கொடி கட்ட வேண்டும். என்னிடம் இருப்பது செடான். தண்ணீர் வரை இழுத்துப்போகச் சக்கர வண்டி வாங்கலாம், ஆனால் மணலில் அது புதைகிறது. துடுப்பு மட்டும் உள்ள கயாக்குக்கு டெக்சாஸில் பதிவு தேவையில்லை. காற்றுக்குப் பயந்து மின்மோட்டார் மாட்டினால் பதிவு, எண் எல்லாம் வந்துவிடும், மின்கலத்தின் எடை வேறு.

முடிவு

40 அங்குலப் படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நடுக் கைப்பிடியில் கட்டிய கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை, நண்பர் அப்படியே இருக்கட்டும் என்றார். எனக்கு 36 அங்குலம் போதும் என்று தோன்றுகிறது. போன வருஷப் படகைவிட ஒன்றே முக்கால் மடங்கு சாயாமல் நிற்கும், 70 பவுண்டுக்குள் கிடைக்கும், குறுக்கே கை எட்டும். நின்று மீன் பிடிக்க ஆழம் குறைந்த, காற்றில்லாத காலை நேரம் மட்டும். தனியாகப் போவதில்லை.

நேற்று ஒரு கடைக்குப் போன் செய்தேன். எடையைச் சொன்னதும் அவர் உற்சாகமாகி, 500 பவுண்டு தாங்கும், 550 தாங்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். தண்ணீரில் மிதக்கும்போது பின்முனை எத்தனை அங்குலம் உயரத்தில் இருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, சனிக்கிழமை ஒன்றைத் தண்ணீரில் இறக்கி அளந்து சொல்கிறேன் என்றார்.